கடல் காப்பீட்டில் முழு இழப்புக் கோரிக்கை: கைவிடல் அறிவிப்பு முதல் பணம் கைக்கு வரும் வரை

சேதமான சரக்கை மீட்டு, சீர்படுத்தி, சேர வேண்டிய இடத்துக்குக் கொண்டுசேர்க்க ஆகும் செலவு, அங்கே அது பெறக்கூடிய விலையைவிட அதிகமாக இருந்தால், சரக்கு கண்ணெதிரே கிடந்தாலும் கடல் காப்பீட்டுச் சட்டம் அதை முழு இழப்பாக நடத்த அனுமதிக்கிறது. ஆனால் இந்த உரிமை தானாக வந்து சேர்வதில்லை. சரக்கின் மீதான தன் உரிமையைக் காப்பீட்டு நிறுவனத்திடம் விட்டுவிடுவதாகச் சொல்லும் கைவிடல் அறிவிப்பைப் பாலிசிதாரர் காலத்தோடு தர வேண்டும். தந்த பிறகும் சரக்கைக் காப்பாற்றும் வேலையை நிறுத்தாமல் தொடர வேண்டும். கடல்நீர் புகுந்த கன்டெய்னர்களில் வந்த காப்பிக்கொட்டைக்காக இத்தகைய கோரிக்கை ஒன்றை முதலிலிருந்து முடிவு வரை நடத்தியபோது, இந்த இரண்டையும் ஒருசேரச் செய்யலாம், செய்யத்தான் வேண்டும் என்று தெளிவாகச் சொல்ல எனக்கு யாரும் கிடைக்கவில்லை. முதன்முறையாக இந்த நிலைக்கு ஆளாகும் ஒருவர் அந்த அலைச்சலைப் படக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

இங்கே சொல்பவை இங்கிலாந்தின் 1906ஆம் ஆண்டுக் கடல் காப்பீட்டுச் சட்டத்தையும், பெரும்பாலும் அதையே பின்பற்றும் இந்தியாவின் 1963ஆம் ஆண்டுச் சட்டத்தையும் ஒட்டியவை. முழு இழப்பையும் கைவிடலையும் பற்றிய 56 முதல் 63 வரையிலான பிரிவுகள் இரண்டு சட்டங்களிலும் ஒரே எண்களில் இருக்கின்றன. சட்டத்தின் பொது விதிகள் பலவற்றைப் பாலிசியின் வாசகம் மாற்றிவிட முடியும் என்பதால், எந்தப் படியிலும் பாலிசியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே முடிவெடுங்கள்.

1. சரக்கைப் பெறும்போதே சேதத்தைப் பதிவு செய்யுங்கள்

கன்டெய்னரின் கதவைத் திறப்பதற்கு முன் சீலைப் பாருங்கள். சீல் உடைந்திருந்தாலோ, இல்லாமல் போயிருந்தாலோ, பில் ஆஃப் லேடிங்கில் (சரக்கை ஏற்றியதற்குக் கப்பல் நிறுவனம் தரும் ஆவணம்) உள்ள எண்ணுக்கும் சீலில் உள்ள எண்ணுக்கும் பொருத்தம் இல்லாவிட்டாலோ, அதை டெலிவரி ரசீதிலேயே எழுதி, அந்தச் சீலையும் எடுத்துப் பத்திரப்படுத்துங்கள். சேதம் இருக்கலாம் என்ற சந்தேகம் இருக்கும்போது, சரக்கு நல்ல நிலையில் கிடைத்தது என்று எதிலும் கையெழுத்திடக் கூடாது. லாரிக்காரர் காத்திருக்கிறார் என்ற அவசரத்தில் போடும் அந்த ஒரு கையெழுத்து, பின்னால் கப்பல் நிறுவனத்தின் மீதான உரிமையையே பலவீனப்படுத்திவிடும்.

பெறும் நேரத்தில் வெளியே தெரியாத சேதம் என்றால், கடல்வழிச் சரக்குக்குக் கப்பல் நிறுவனத்தின் பொறுப்பை வரையறுக்கும் சர்வதேச விதிகளான ஹேக்-விஸ்பி விதிகளின்படி 3 நாட்களுக்குள் கப்பல் நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். காப்பீட்டு நிறுவனத்துக்கும், பாலிசி சான்றிதழில் குறிப்பிட்டுள்ள சர்வே ஏஜென்ட்டுக்கும் உடனே தகவல் கொடுத்து சர்வேயரை வரவழையுங்கள். கப்பல் நிறுவனத்தின் பிரதிநிதியையும் அதே சர்வேக்கு எழுத்து மூலம் அழையுங்கள். அவர் வராவிட்டாலும், அழைத்ததற்கான சான்று உங்களிடம் இருக்கும்.

சர்வேயர் வரும்போது நீங்களும் உடன் இருங்கள். எங்கள் சர்வேயர் கன்டெய்னரின் தரைப்பலகையிலும் கீழ்வரிசை மூட்டைகளின் கறையிலும் சில்வர் நைட்ரேட் கரைசலைச் சொட்டினார். சொட்டிய இடம் பால்போல வெளுத்தது. உப்பு இருப்பதற்கான அடையாளம் அது. அந்தச் சோதனை நடக்காமல் இருந்திருந்தால், ஈரம் கொட்டையிலேயே இருந்தது, அதுதான் வியர்த்து வடிந்தது என்று வாதிட இடம் இருந்திருக்கும். பொருளின் உள்ளியல்பால் வரும் சேதத்துக்குப் பாலிசி பணம் தருவதில்லை. எனவே அறிக்கையில் சேதத்தின் அளவு மட்டுமல்ல, சேதத்தின் காரணமும் எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

2. பாலிசி எந்த ஆபத்துகளை ஏற்கிறது என்று பாருங்கள்

சரக்குக் காப்பீட்டில் பரவலாக இருப்பவை இன்ஸ்டிட்யூட் கார்கோ கிளாஸஸ் என்ற நிலையான பாலிசி விதித்தொகுப்பின் ஏ, பி, சி என்ற மூன்று வகைகள். ‘ஏ’ வகை விலக்குகள் தவிர அனைத்து ஆபத்துகளையும் ஏற்கிறது. ‘பி’ வகையில் கப்பலுக்குள்ளோ கன்டெய்னருக்குள்ளோ கடல்நீர் புகுவது பெயர் சொல்லிச் சேர்க்கப்பட்டுள்ளது. ‘சி’ வகையில் அது இல்லை. ‘சி’ எடுத்தவர் கடல்நீர்ச் சேதத்துக்கு முழு இழப்பு கோர நினைத்தால், கப்பல் மூழ்கியது, தரைதட்டியது, மோதியது போன்ற ஏதாவது ஒரு விபத்தோடு அதைத் தொடர்புபடுத்த முடிந்தாக வேண்டும்.

மூன்று வகைகளுக்கும் பொதுவான விலக்குகளில் புதியவர்களை அதிகம் ஏமாற்றுவது தாமதம் பற்றிய விலக்கு. காப்பீடு ஏற்ற ஓர் ஆபத்தே தாமதத்துக்குக் காரணமாக இருந்தாலும், அந்தத் தாமதத்தால் வந்த இழப்பு கிடைக்காது. பருவம் தவறி வந்து விலைபோகாத சரக்கு எவ்வளவு பெரிய நஷ்டமாக இருந்தாலும் இந்த வழியில் தேறாது.

முழு இழப்புக்கு மட்டும் என்று எடுத்த பாலிசியாக இருந்தால், அடுத்த படியில் வரும் இரண்டு வகை முழு இழப்புகளும் அதில் அடங்கும். பாலிசி வேறுவிதமாகச் சொன்னால் மட்டுமே மாறும்.

3. உங்கள் இழப்பு எந்த வகை என்று பிரித்துக்கொள்ளுங்கள்

முதல் வகை உண்மையான முழு இழப்பு. பொருள் அழிந்துபோவது, காப்பீடு செய்த வகைப் பொருள் என்றே சொல்ல முடியாத அளவுக்குச் சேதமாவது, மீட்கவே முடியாதபடி உரிமையாளரின் கையைவிட்டுப் போவது ஆகிய மூன்றும் இதில் வரும். லண்டனில் தேம்ஸ் நதியில் மூழ்கிய கப்பலிலிருந்து எடுக்கப்பட்ட பேரீச்சம்பழம் பற்றிய 1896ஆம் ஆண்டுத் தீர்ப்பு இதற்கு நல்ல அளவுகோல்: பழம் பழமாகவே தோற்றமளித்தது, ஆனால் கழிவுநீர் ஊறியதால் உணவுப்பொருளாக விற்க முடியவில்லை, சாராயம் வடிப்பதற்கு வாங்க ஆள் இருந்தபோதிலும் அதை முழு இழப்பு என்றே நீதிமன்றம் ஏற்றது. நியாயமான காலம் கடந்தும் செய்தி இல்லாமல் காணாமல்போன கப்பலையும் சட்டம் இந்த வகையிலேயே சேர்க்கிறது. இதற்குக் கைவிடல் அறிவிப்பு தேவையில்லை.

இரண்டாவது, காப்பீட்டு அலுவலகங்களில் சி.டி.எல். என்று சுருக்கமாகச் சொல்லப்படும் கருத்தியல் முழு இழப்பு. உண்மையான முழு இழப்பு தவிர்க்க முடியாதது என்று தோன்றுவதால் பொருளை நியாயமாகக் கைவிடுவதும், காப்பாற்றும் செலவு பொருளின் மதிப்பைத் தாண்டுவதும் இதன் அடிப்படைகள். பொருள் உங்கள் கையைவிட்டுப் போய், அது திரும்பக் கிடைக்க வாய்ப்பு குறைவு என்ற நிலையும் சட்டத்தில் சொல்லப்பட்டிருக்கிறது. ‘கிடைக்குமா என்று தெரியவில்லை’ என்பது போதாது. ‘கிடைக்காது என்பதற்கே வாய்ப்பு அதிகம்’ என்று காட்ட வேண்டும்.

2008 ஆகஸ்டில் ஏடன் வளைகுடாவில் கடற்கொள்ளையர் பிடித்த புங்கா மெலாட்டி துவா கப்பலில் பயோடீசல் வைத்திருந்தவர், செப்டம்பர் நடுவிலேயே கைவிடல் அறிவிப்பு கொடுத்தார். அந்த மாத முடிவுக்குள் பணயத்தொகை கொடுக்கப்பட்டுக் கப்பல் சரக்கோடு விடுபட்டது. பேச்சுவார்த்தை நடந்துகொண்டிருந்தது, மீட்பு எதிர்பார்க்கக்கூடியதாகவே இருந்தது என்பதால் அது முழு இழப்பு அல்ல என்று 2011இல் இங்கிலாந்து மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சரக்கு கைக்கு எட்டாமல் இருக்கிறது என்ற வேதனை மட்டுமே சட்டத்தின் கண்ணில் இழப்பு ஆகாது.

இந்த இரண்டிலும் அடங்காதவை பகுதி இழப்பு. அடையாளக் குறிகள் அழிந்து எது யாருடைய மூட்டை என்று தெரியாமல் போனாலும், சரக்கு அதே பொருளாக வந்து சேர்ந்திருந்தால் அதுவும் பகுதி இழப்புத்தான்.

4. கணக்கைத் தாளில் போட்டுப் பாருங்கள்

மிக அதிகமான குழப்பம் இங்கேதான். செலவை எதோடு ஒப்பிட வேண்டும்? காப்பீட்டுத் தொகையோடு அல்ல. சரக்கைப் பொறுத்தவரை, சீர்படுத்தி அனுப்பி வைத்த பின் சேருமிடத்தில் அதற்கு இருக்கும் மதிப்போடு ஒப்பிட வேண்டும்.

ஓர் உதாரணம். காப்பீட்டுத் தொகை 1,10,000 டாலர். சேதமில்லாமல் வந்திருந்தால் சந்தை மதிப்பு 1,00,000. பிரித்து, உலர்த்தி, புதிய சாக்குகளில் கட்டினால் மதிப்பு 60,000 என்று சர்வேயர் சொல்கிறார். அந்த வேலைக்கும் மேற்கொண்டு அனுப்புவதற்கும் 65,000 ஆகும் என்றால் அது சி.டி.எல்.; காப்பீட்டுத் தொகையைவிடச் செலவு குறைவாக இருப்பது தடையாகாது. அதே வேலைக்கு 45,000 மட்டுமே ஆகும் என்றால் அது சி.டி.எல். ஆகாது.

சி.டி.எல். ஆகவில்லை என்றால் பணமே போயிற்று என்று பலர் கலங்குகிறார்கள், அது தேவையில்லை. பகுதி இழப்பில், சேதமில்லாத மதிப்புக்கும் சேதமான மதிப்புக்கும் இடையிலுள்ள குறைவின் விகிதம் காப்பீட்டுத் தொகைக்குப் பொருத்தப்படும். நனைந்த நிலையிலேயே அந்தச் சரக்கு 20,000க்கு விலைபோனால் குறைவு 80 சதவீதம். நிறுவனம் தர வேண்டியது 88,000. விற்ற 20,000 உங்களுடையது. கூட்டினால் 1,08,000. முழு இழப்பில் 1,10,000 கிடைக்கும், மிஞ்சியது நிறுவனத்துக்குப் போகும். வித்தியாசம் இவ்வளவு சிறியதாக இருக்கும் வழக்கில் சி.டி.எல். என்றே பிடிவாதம் பிடித்து மாதக்கணக்கில் இழுத்தடிப்பதைவிடப் பகுதி இழப்பை ஏற்று முடிப்பது நல்லது என்பது என் கருத்து. 61ஆம் பிரிவு இந்தத் தேர்வை உங்களிடமே விட்டிருக்கிறது.

செலவுக் கணக்குக்கு உங்கள் மதிப்பீடு போதாது. சீர்படுத்தும் வேலை செய்பவர்கள் இருவரிடமாவது எழுத்து மூலம் விலைப்புள்ளி வாங்குங்கள். சேதமான நிலையில் வாங்க முன்வருபவரின் விலையையும் எழுத்தில் வாங்குங்கள். ஊதிப் பெருக்கிய மதிப்பீடு ஒன்று சிக்கினால் மற்ற எல்லாக் காகிதங்களின் மீதும் சந்தேகம் விழும்.

5. கைவிடல் அறிவிப்பைக் காலத்தோடு கொடுங்கள்

நோட்டீஸ் ஆஃப் அபாண்டன்மென்ட் என்று காப்பீட்டுக்காரர்கள் சொல்லும் இந்த அறிவிப்பைக் கொடுக்காவிட்டால் சி.டி.எல். கோரிக்கை பகுதி இழப்பாகவே எடுத்துக்கொள்ளப்படும். வாய்மொழியாகச் சொன்னாலும் செல்லும் என்கிறது 62ஆம் பிரிவு. ஆனாலும் எழுத்தில்தான் கொடுங்கள். குறிப்பிட்ட படிவம் எதுவும் இல்லை. காப்பீட்டு உரிமையை நிபந்தனையின்றிக் கைவிடும் எண்ணம் தெளிவாக இருந்தால் போதும். இப்படி எழுதலாம்:

“... கப்பலில், ... எண் பில் ஆஃப் லேடிங்கின்படி ஏற்றப்பட்டு, ... எண் பாலிசியில் காப்பீடு செய்யப்பட்ட சரக்கு, ... தேதியன்று நேர்ந்த கடல்நீர்ப் புகுதலால் கருத்தியல் முழு இழப்பு அடைந்துள்ளது. இந்தச் சரக்கில் எங்களுக்குள்ள காப்பீட்டு உரிமை முழுவதையும் நிபந்தனையின்றி உங்களிடம் கைவிடுகிறோம். முழு இழப்புக்கான தொகையைக் கோருகிறோம்.”

‘நீங்கள் ஒப்புக்கொண்டால் கைவிடுகிறோம்’, ‘தேவைப்பட்டால் கைவிடத் தயாராக இருக்கிறோம்’ என்பன போன்ற வாசகங்கள் வேண்டாம். அவை நிபந்தனையாகப் படிக்கப்படும். காப்பீட்டு நிறுவனத்துக்கே நேரடியாக அனுப்புங்கள். ஒன்றுக்கு மேற்பட்ட நிறுவனங்கள் பங்கு எடுத்திருந்தால் ஒவ்வொன்றுக்கும் அனுப்புங்கள். சர்வே ஏஜென்ட்டுக்கு நகல் மட்டும் போகட்டும். அவரிடம் கொடுத்தால் நிறுவனத்திடம் கொடுத்ததாக ஆகிவிடும் என்று நம்பியிருக்காதீர்கள்.

எப்போது கொடுப்பது? நம்பகமான தகவல் கிடைத்ததும், நியாயமான விரைவோடு. தகவல் சந்தேகத்துக்குரியதாக இருந்தால் விசாரித்துக்கொள்ள நியாயமான கால அவகாசம் உண்டு. 2012 ஆகஸ்டில் செங்கடலில் தீப்பிடித்த ரெனோஸ் கப்பலுக்கு 2013 பிப்ரவரி 1 அன்றுதான் அறிவிப்பு தரப்பட்டது. பழுதுச் செலவு பற்றி முரண்பட்ட மதிப்பீடுகள் இருந்ததால் அது காலம் கடந்ததல்ல என்று இங்கிலாந்து நீதிமன்றங்கள் ஏற்றன. இந்த உதாரணத்தை நம்பிக் காத்திருக்க வேண்டாம். காப்பிக்கொட்டையில் பூஞ்சை நாளுக்கு நாள் ஏறும். சரக்குக்காரருக்கு அவ்வளவு அவகாசம் நியாயமாகத் தோன்றாது. சர்வேயின் முதல் அறிக்கையும் விலைப்புள்ளிகளும் கைக்கு வந்து, கணக்கு சி.டி.எல். பக்கம் சாய்ந்த உடனே அனுப்பிவிடுங்கள்.

6. நிராகரிப்புக் கடிதத்தைக் கண்டு நிறுத்திவிடாதீர்கள்

உங்கள் அறிவிப்புக்குப் பதிலாக ‘ஏற்க மறுக்கிறோம்’ என்ற கடிதம் வரும். கிட்டத்தட்ட எப்போதும் வரும். நிறுவனம் அறிவிப்பை ஏற்றுக்கொண்டால் அதைத் திரும்பப் பெற முடியாது. பொறுப்பையும் ஒப்புக்கொண்டதாக ஆகிவிடும். அதனால்தான் மறுக்கிறார்கள். முறையாகத் தரப்பட்ட அறிவிப்பை நிறுவனம் மறுப்பதால் உங்கள் உரிமை சிறிதும் குறையாது என்று சட்டமே சொல்கிறது. பதில் வராமல் இருந்தால் அதை ஒப்புதல் என்று எடுத்துக்கொள்ளவும் முடியாது.

இந்தக் கட்டத்தில் ஒரு கடிதம் கேட்டுப் பெற வேண்டும். ஆங்கிலச் சட்டத்தில், அறிவிப்பு தரும் நாளில் மட்டுமல்ல, வழக்குத் தொடரும் நாளிலும் இழப்பு சி.டி.எல். ஆக இருந்தாக வேண்டும். இடையில் நிலைமை மாறினால் கோரிக்கை விழும். ஆகவே, மறுப்புக் கடிதத்தின் தேதியிலேயே வழக்குத் தொடரப்பட்டதாகக் கருதிக்கொள்ள ஒப்புக்கொள்ளுமாறு நிறுவனத்திடம் கேளுங்கள். வழக்கமாகத் தரப்படும் ஒப்புதல்தான் இது. ஆனால் கேட்காதவருக்குக் கிடைக்காமல் போகலாம்.

இனிச் சரக்கு. அதைக் காப்பாற்றவும் இழப்பைக் குறைக்கவும் நியாயமான நடவடிக்கை எடுப்பது உங்கள் கடமை என்கிறது 78ஆம் பிரிவு. கைவிட்டாயிற்றே, இனி நிறுவனத்தின் பாடு என்று ஈரக் கன்டெய்னரைப் பூட்டியே வைத்திருந்தால், அதனால் கூடிய சேதம் உங்கள் தலையில் விழும். நல்ல மூட்டைகளைப் பிரித்து எடுப்பதால் கைவிடலைத் திரும்பப் பெற்றதாக ஆகிவிடுமோ என்ற அச்சமும் வேண்டாம்: இன்ஸ்டிட்யூட் கார்கோ கிளாஸஸில் உள்ள உரிமைத் துறப்பு விதி, இரு தரப்பும் எடுக்கும் காப்பாற்றும் நடவடிக்கைகள் எவருடைய உரிமையையும் பாதிக்காது என்று வெளிப்படையாகச் சொல்கிறது. விற்பது மட்டும் வேறு. நிறுவனத்தின் எழுத்துப்பூர்வமான சம்மதம் இல்லாமல் உங்கள் கணக்கில் சரக்கை விற்றால், உரிமையாளராகவே தொடர்ந்து நடந்துகொண்டீர்கள் என்ற வாதத்துக்கு வழி திறந்துவிடுவீர்கள்.

7. ஆவணங்களும் காலக்கெடுவும்

அசல் பாலிசி அல்லது சான்றிதழ், பில் ஆஃப் லேடிங்கின் முழுத் தொகுதி, இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், சர்வே அறிக்கை, இறக்கிய இடத்தின் எடைச்சீட்டும் இறக்குமதிக் கணக்கும், கப்பல் நிறுவனத்தோடு நடந்த கடிதப் போக்குவரத்து ஆகியவை எப்படியும் கேட்கப்படும். சி.டி.எல். கோரிக்கையில் இவற்றோடு விலைப்புள்ளிகளும், ஆய்வகச் சான்றும், அறிவிப்பு சென்றடைந்ததற்கான சான்றும் சேர வேண்டும். பாலிசியின் பேரில் வங்கிக்கு உரிமை மாற்றிக் கொடுத்திருந்தால், வங்கியின் ஒப்புதலை முன்கூட்டியே வாங்கி வையுங்கள். பணம் தயாரான பிறகு இந்த ஒரு கடிதத்துக்காகக் காத்திருக்க நேர்வது மிகவும் வருத்தத்துக்குரியது.

காப்பீட்டு நிறுவனத்தோடு பேச்சு நடந்துகொண்டிருக்கும்போதே இன்னொரு கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கும். ஹேக்-விஸ்பி விதிகளின்படி கப்பல் நிறுவனத்தின் மீது வழக்குத் தொடர, சரக்கு தரப்பட்ட அல்லது தரப்பட்டிருக்க வேண்டிய நாளிலிருந்து ஓராண்டுதான் அவகாசம். இந்த உரிமையைக் காப்பாற்றி வைப்பதும் பாலிசிப்படி உங்கள் கடமை. ஓராண்டு முடிவதற்கு முன்பே கால நீட்டிப்பை எழுத்தில் பெறுங்கள்.

8. செலவுகள்

சர்வே கட்டணத்தைப் பெரும்பாலும் முதலில் நீங்கள்தான் கட்ட வேண்டும். கோரிக்கை ஏற்கப்பட்டால் திரும்பக் கிடைக்கும். காப்பாற்றுவதற்காக நியாயமாகச் செய்த செலவு, நிறுவனம் முழு இழப்புத் தொகையைக் கொடுத்த பிறகும் அதற்கு மேலாகக் கோரக்கூடியது. இதற்கான ரசீதுகளைத் தனிக் கோப்பில் வையுங்கள்.

கிடைக்காதவையும் உண்டு. கப்பல் நிறுவனத்தின் கன்டெய்னர் தாமதக் கட்டணம் சாதாரணமாக உங்கள் பொறுப்பு. கெட்டுப்போன சரக்கை அழிக்கும் செலவையும், பாலிசியில் தனி விதி இல்லாவிட்டால், நீங்களே ஏற்க வேண்டியிருக்கும்.

9. கப்பலுக்கே காப்பீடு எடுத்தவர்களுக்கு

படிகள் இவைதான், அளவுகோல் மட்டும் மாறும். சட்டப்படி பழுதுச் செலவைப் பழுதுபார்த்த பின் கப்பலுக்கு இருக்கும் மதிப்போடு ஒப்பிட வேண்டும். கப்பல் காப்பீட்டுக்கான நிலையான விதித்தொகுப்பான இன்ஸ்டிட்யூட் டைம் கிளாஸஸ் அந்த மதிப்பாகக் காப்பீட்டுத் தொகையையே எடுத்துக்கொள்கிறது. 2003ஆம் ஆண்டு இன்டர்நேஷனல் ஹல் கிளாஸஸ் அதில் 80 சதவீதத்தை எடுத்துக்கொள்கிறது. ஒரே விபத்தால் அல்லது அதன் தொடர்ச்சியால் வந்த சேதத்தின் செலவு மட்டுமே கணக்கில் சேரும். பழைய பழுதுகளைச் சேர்க்க முடியாது. கைவிடல் அறிவிப்புக்கு முன் செய்த மீட்புச் செலவும் கணக்கில் சேரும், சுற்றுச்சூழலைக் காக்க, கப்பல் மீட்பு ஒப்பந்தங்களில் சேர்க்கப்படும் ஸ்காபிக் விதியின்கீழ் கொடுத்த தொகை சேராது என்று ரெனோஸ் வழக்கில் 2019இல் இங்கிலாந்து உச்ச நீதிமன்றம் முடிவு செய்தது. போர் ஆபத்துகளுக்கான பாலிசியில் கப்பல் பிடித்து வைக்கப்பட்டிருந்தால், இன்ஸ்டிட்யூட் விதிகளின்படி தொடர்ச்சியாக 12 மாதங்கள் கடந்தபின் அது திரும்பக் கிடைக்க வாய்ப்பில்லாததாகக் கொள்ளப்படும்.

10. பணம் வாங்கும் நாளில்

முழு இழப்புத் தொகையைக் கொடுக்கும் நிறுவனத்துக்கு, மிஞ்சிய பொருளை எடுத்துக்கொள்ள உரிமை உண்டு. எடுத்தே தீர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. துறைமுகக் கிடங்கில் வாடகை ஏறிக்கொண்டிருக்கும் சரக்கை எடுத்துக்கொள்ள மாட்டோம் என்று நிறுவனம் சொன்னால், கிடங்கு வாடகையும் அழிப்புச் செலவும் சுங்க அனுமதியும் உங்களிடமே நிற்கும். ஆகவே இறுதி ரசீதில் கையெழுத்திடுவதற்கு முன், சரக்கை யார் எடுக்கிறார்கள், எந்தத் தேதி வரையிலான வாடகையை யார் தருகிறார்கள் என்பதை எழுத்தில் முடிவு செய்துகொள்ளுங்கள்.

அதே நாளில் உரிமை மாற்றப் பத்திரம் ஒன்றும் உங்கள் முன் வைக்கப்படும். கப்பல் நிறுவனத்தின் மீதான உங்கள் உரிமைகள் இதன்மூலம் காப்பீட்டு நிறுவனத்துக்குப் போகின்றன. பணம் கொடுத்தவருக்கு அது நியாயமாகச் சேர வேண்டியதே. காப்பீடு செய்யாத இழப்பு ஏதேனும் உங்களுக்கு இருந்தால், அதற்கான உரிமையையும் கப்பல் நிறுவனத்திடமிருந்து வசூலாவதில் அதற்குரிய பங்கையும் உங்களுக்கே நிறுத்திவைத்து ஒரு வரி சேர்க்கச் சொல்லிவிட்டுக் கையெழுத்திடுங்கள்.